தொலைவிலுள்ளவருக்கு மோட்டார் வண்டி விற்றல்

ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் தம்முடைய மோட்டார் வண்டியை விற்க எண்ணினால், அச்செய்தி முதலில் அயலவரின் செவிக்கு எட்டும். பின்னர் சந்தியிலுள்ள கராஜுக்குச் செல்லும். அங்கிருந்து தரகர் ஒருவர் வந்து சேர்வார். வாங்க வருபவர் யாருடைய மகன், எந்த ஊரில் பெண்ணெடுத்தவர், சொன்ன சொல்லைக் காப்பவரா என்பனவெல்லாம் விலை பேசத் தொடங்கு முன்னரே விற்பவருக்குத் தெரிந்திருக்கும். வண்டியின் குறைநிறைகளும் வாங்குபவருக்கு ஓரளவு தெரிந்திருக்கும். அக்காலக் கொடுக்கல் வாங்கலுக்கு அறிமுகமே பிணையாய் நின்றது.

இன்றோ நிலைமை வேறு. வண்டியின் படங்களைக் கைத்தொலைபேசியில் எடுத்து, விலையைக் குறித்து, இணையத்தில் விளம்பரம் செய்துவிட்டால், ஒரு மணி நேரத்துள் நாடெங்கிலுமிருந்து அழைப்புகள் வரத் தொடங்குகின்றன. சுன்னாகத்தில் நிற்கும் வண்டியைக் காலியிலிருப்பவர் பார்க்கிறார். பதுளையிலிருப்பவர் விலை கேட்கிறார். வாங்குவோர் தொகை பெருகினால் விற்பவருக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது உண்மையே. ஆயினும் முன்னர் பிணையாய் நின்ற அறிமுகம் இங்கே இல்லை. அதன் இடத்தில் எதை வைப்பது என்பதே விற்பவர் சிந்திக்க வேண்டிய வினா.

இவ்வினா இலங்கையிற் சிறிய வினாவன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வண்டிகளை இறக்குமதி செய்வதற்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலே பாவித்த வண்டிகளின் விலை, முன்னர் எவரும் எண்ணிப்பாராத அளவுக்கு ஏறியது. சாதாரண குடும்பமொன்றில் வீட்டுக்கும் காணிக்கும் அடுத்தபடியாகப் பெறுமதியுள்ள பொருள் முற்றத்தில் நிற்கும் வண்டியே. மகளின் திருமணத்துக்காகவோ, மகனின் மேற்படிப்புக்காகவோ, வைத்தியச் செலவுக்காகவோ அது விற்கப்படுகிறது. அந்தப் பணம் ஒருமுறை தவறிப்போனால் மீண்டும் சேர்ப்பதற்கு ஓர் ஆயுள் போதாது.

விளக்கத்தின் பொருட்டு ஒருவரைக் கற்பனை செய்யலாம். சுன்னாகத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவரிடம் பத்தாண்டு காலம் கண்ணும் கருத்துமாய்ப் பேணிய கார் ஒன்று. அதற்கு அவர் குறித்த விலை 60 இலட்சம் ரூபா. வாங்க விரும்புபவர் ஏறத்தாழ 500 கிலோமீற்றருக்கு அப்பால், காலியிலே கடை வைத்திருப்பவர். இருவரும் நேர்மையானவர்கள், ஒருவரையொருவர் கண்டதில்லை. இவ்விருவரும் எவ்வித இடருமின்றி இக்காரியத்தை முடிப்பது எப்படி?

விற்பனை என்பது பணம், வண்டி, பத்திரம் ஆகிய மூன்று பொருள்கள் கைமாறும் நிகழ்ச்சி. இம்மூன்றும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் கைமாறினால் ஏமாற்றுவதற்கு இடமில்லை. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால், அந்த இடைவெளியிலேதான் வஞ்சகன் புகுகிறான். தொலைவிலிருந்து வரும் தந்திரங்கள் பலவாயினும், அவையனைத்தின் நோக்கமும் இம்மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதே. இதனை மனத்திற் கொண்டால் ஏனையவை எளிதில் விளங்கும்.

முதலாவதாக, விளம்பரம் செய்யுமுன் பத்திரங்களை ஒழுங்குபடுத்தல் வேண்டும். பதிவுச் சான்றிதழ் மூலப்பிரதியாகக் கையில் இருக்கின்றதா, அதிலுள்ள இயந்திர இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதிப் பத்திரம் ஆகியவை காலாவதியாகாது இருத்தல் நன்று. வண்டி லீசிங் முறையில் வாங்கப்பட்டதாயின், பதிவுச் சான்றிதழில் அந்நிதி நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளர் என்ற இடத்திற் குறிக்கப்பட்டிருக்கும். கடன் தீர்ந்த பின்னும் அப்பெயரை நீக்காது விட்டவர் பலர். அது நீங்கினாலன்றி உரிமை மாற்றம் நடைபெறாது. வாங்குபவர் 500 கிலோமீற்றர் பயணஞ் செய்து வந்த பின்னர் இக்குறை வெளிப்பட்டால், அவசரத்திற் குறுக்குவழி தேடும் எண்ணம் இருவருக்கும் தோன்றும். அங்கேயே பிழை தொடங்குகிறது.

இரண்டாவது, விளம்பரத்தில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது. வண்டியின் குறைகளை மறைத்தல் கூடாது. கதவிலுள்ள கீறல், மாற்றப்பட்ட உதிரிப்பாகம், முன்னர் நேர்ந்த விபத்து ஆகியவற்றை எழுதியே விடுதல் வேண்டும். தொலைவிலிருந்து வருபவர் வந்து பார்த்துக் குறை கண்டு திரும்பிச் செல்வதால் இருவருக்கும் நட்டமே. ஆனால் பதிவுச் சான்றிதழின் படத்தையும் தேசிய அடையாள அட்டையின் படத்தையும் முகமறியாதவருக்கு அனுப்புதல் ஆகாது. அப்படங்களைக் கொண்டு போலிப் பத்திரம் ஆக்கவும், விற்பவரின் பெயரிலேயே வேறொருவரை ஏமாற்றவும் இயலும். “நான் நேர்மையானவன், இதோ என் அடையாள அட்டை” என்று வஞ்சகன் மற்றொருவருக்கு அனுப்பும் படம், முன்பு ஏமாந்த ஒருவருடையதாய் இருப்பது வழக்கம். பத்திரங்களை நேரில் வந்தவருக்கே காட்ட வேண்டும். பிரதி கொடுக்க நேர்ந்தால், எந்தக் காரியத்துக்காக, யாருக்கு, எந்தத் திகதியிற் கொடுக்கப்பட்டது என்பதை அப்பிரதியின் குறுக்கே எழுதிக் கொடுத்தல் நன்று.

இனி வருவது அழைப்புகள். உண்மையாய் வாங்க எண்ணுபவர் கேட்கும் கேள்விகள் ஒரு விதமானவை. எத்தனை கிலோமீற்றர் ஓடியது, ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எவ்வளவு தூரம் ஓடும், டயர்கள் எப்போது மாற்றப்பட்டன, விலையிற் குறைக்க இயலுமா என்று அவர் கேட்பார். பார்ப்பதற்கு நாளும் கேட்பார். வஞ்சகனோ வண்டியைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. “ஐயா, படமே போதும், சொன்ன விலைக்கே எடுக்கிறேன், வங்கிக் கணக்கு இலக்கத்தை மாத்திரம் அனுப்புங்கள்” என்பான். தான் வெளிநாட்டில் இருப்பதாகவோ, கடற்பணியில் இருப்பதாகவோ கூறுவான். வண்டியை ஏற்றிச் செல்ல ஒருவரை அனுப்புவதாகச் சொல்வான். 60 இலட்சம் ரூபாவை வண்டியைப் பாராமலே கொடுக்க முன்வருபவரை ஐயுறுதல் குற்றமன்று.

கணக்கு இலக்கத்தைக் கொடுப்பதனால் மாத்திரம் கணக்கிலிருந்து பணம் போய்விடாது. ஆனால் அதன் பின்னால் வரும் வேண்டுகோள்களே ஆபத்தானவை. “பணம் அனுப்பியிருக்கிறேன், அதைப் பெற இந்த இணைப்பைத் திறந்து அட்டை இலக்கத்தைப் பதியுங்கள்” என்று ஒரு செய்தி வரும். அல்லது, “உங்கள் தொலைபேசிக்கு வந்துள்ள ஆறிலக்க எண்ணைச் சொல்லுங்கள்” என்று கேட்கப்படும். வங்கிக் கணக்கிற் பணம் பெறுவதற்குக் கணக்கு இலக்கமும், பெயரும், வங்கிக் கிளையின் பெயருமே போதும். இரகசிய எண்ணோ, ஒருமுறை மாத்திரம் செல்லுபடியாகும் எண்ணோ, அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கங்களோ பணம் பெறுவதற்கு ஒருபோதும் வேண்டப்படுவதில்லை. அவை கணக்கிலிருந்து பணத்தை வெளியே எடுப்பதற்கான திறப்புகள். வீட்டுத் திறப்பை வழிப்போக்கனிடம் கொடாதவர் இதனையும் கொடுக்கலாகாது.

மற்றொரு தந்திரம் மிகைப்பணம் அனுப்புதல். வாங்குபவர் 60 இலட்சத்துக்குப் பதிலாக 65 இலட்சத்துக்குக் காசோலை அனுப்புவார். “தவறு நேர்ந்துவிட்டது, மிகுதி 5 இலட்சத்தை வண்டியை ஏற்றிச் செல்லும் லொறிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்” என்பார். விற்பவர் தம் சொந்தப் பணத்திலிருந்து அந்த 5 இலட்சத்தைக் கொடுப்பார். சில நாட்களிற் காசோலை திரும்பிவரும். லொறிக்காரரைத் தேடினால் அவரையும் காணக் கிடைக்காது. பொருளை விற்பவர் வாங்குபவருக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலை எப்பொழுது வந்தாலும், அக்காரியத்தை அவ்விடத்திலேயே நிறுத்துதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் விட நுட்பமான வஞ்சனை ஒன்று உண்டு. அதில் நேர்மையான இருவர் நடுவே மூன்றாமவன் ஒருவன் மறைந்து நிற்கிறான். சுன்னாகத்து ஆசிரியரின் விளம்பரத்தை அவன் காண்கிறான். அப்படங்களை எடுத்துத் தன்னுடைய வண்டி போலவே வேறோர் இடத்தில் 50 இலட்சத்துக்கு விளம்பரம் செய்கிறான். காலிக் கடைக்காரர் மலிவான விலையைக் கண்டு அவனுடன் பேசுகிறார். “கார் என்னுடையது, என் மாமனாரின் வீட்டில் நிற்கிறது, போய்ப் பாருங்கள். அவர் வயதானவர், அவரிடம் விலையைப் பற்றிப் பேச வேண்டாம்” என்று கடைக்காரருக்குச் சொல்கிறான். உடனே ஆசிரியரை அழைத்து, “ஐயா, நீங்கள் கேட்ட 60 இலட்சத்துக்கே வாங்குகிறேன். என் மைத்துனர் வந்து பார்ப்பார். அவருக்கு நான் கொடுக்கவேண்டிய கடனுக்காகவே இதை வாங்கிக் கொடுக்கிறேன்; அவரிடம் விலையைச் சொல்ல வேண்டாம்” என்கிறான்.

குறித்த நாளிற் கடைக்காரர் இரவு முழுதும் பயணஞ் செய்து சுன்னாகம் வந்து சேர்கிறார். ஆசிரியர் தேநீர் கொடுத்து உபசரிக்கிறார். வண்டி உண்மையானது, பத்திரங்களும் உண்மையானவை. இருவர் உள்ளத்திலும் மகிழ்ச்சி. கடைக்காரர் அவ்விடத்தில் நின்றே மூன்றாமவனின் கணக்குக்கு 50 இலட்சத்தை அனுப்பிவிடுகிறார். ஆசிரியரின் தொலைபேசிக்கு 60 இலட்சம் அனுப்பியதாக ஒரு பற்றுச்சீட்டின் படம் வருகிறது. அப்படம் போலியானது. பணத்தோடு மூன்றாமவன் மறைந்துவிடுகிறான். முற்றத்தில் எஞ்சியிருப்போர், ஒருவரையொருவர் கள்வரென எண்ணி நிற்கும் இரு நல்ல மனிதர். வண்டியும் பத்திரமும் ஏற்கனவே கைமாறிவிட்டிருந்தால், இழப்பை யார் சுமப்பது என்ற வழக்கை நீதிமன்றமே தீர்க்க வேண்டியிருக்கும். அதற்கு எத்தனை ஆண்டு செல்லுமென்று சொல்ல இயலாது.

இத்தனை பெரிய சூழ்ச்சியை ஒரே ஒரு கேள்வி முறியடித்துவிடும். வண்டி பார்க்க வந்தவரிடம் விற்பவர் நேரே கேட்க வேண்டியது: “நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? யாருடைய கணக்குக்குக் கொடுக்கிறீர்கள்?” இந்தக் கேள்வியைக் கேளாதிருக்கும்படி எவரேனும் வேண்டினால், அவ்வேண்டுகோளே அபாயச் சங்கு. வாங்குபவருக்கும் இதே விதி பொருந்தும். பதிவுச் சான்றிதழில் எவருடைய பெயர் உண்டோ, அவருடைய பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே பணம் செல்ல வேண்டும். மருமகனின் கணக்கு, நண்பரின் கணக்கு, தரகரின் கணக்கு என்று எதற்கும் இணங்கலாகாது.

வண்டி பார்க்க வருபவரை வரவேற்பதிலும் முறை உண்டு. பகல் வேளையில் வரச் சொல்ல வேண்டும். வீட்டில் வேறொருவரும் உடனிருத்தல் நன்று. முன்பின் அறியாதவர் பலர் வருவதாயின், வீட்டைத் தவிர்த்து, ஆள் நடமாட்டமுள்ள பொது இடத்திற் சந்திப்பது மேலும் நன்று. வந்தவரின் தேசிய அடையாள அட்டையையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் பார்த்து, இலக்கங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓட்டிப் பார்க்க விரும்பினால் அவரைத் தனியே அனுப்பலாகாது. விற்பவரோ அவருக்கு நம்பிக்கையானவரோ உடன் செல்ல வேண்டும். ஆசனம் மாறும் வேளையில் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்க வேண்டும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க விற்பவர் இறங்கி மறுபுறம் வருவதற்குள் வண்டியோடு ஓடிவிடுதல் உலகெங்கும் நடந்த களவு. பத்திரங்களையும் மறு திறப்பையும் வண்டிக்குள் வைத்திருத்தல் கூடாது.

விலை ஒத்துவந்த பின் முற்பணம் வாங்குவதாயின், அதையும் எழுத்திலே வைத்தல் வேண்டும். எவ்வளவு பெறப்பட்டது, மிகுதி எந்நாளில் எவ்விதம் கொடுக்கப்படும், அந்நாள் தவறினால் முற்பணம் என்னாகும் என்பவற்றை இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லை மறந்துபோவது மனித இயல்பு. எழுதி வைத்தால் நட்பும் கெடாது.

அடுத்தது பணம். “கையிலே காசு, வாயிலே தோசை” என்பது பழமொழி. அக்காலத்திற் கையிலே காசு என்றால் அது கண்ணுக்குத் தெரியும் பொருள். இன்றோ காசு வந்ததாகச் சொல்லும் செய்தியும், காசு வந்ததும் வெவ்வேறு. பணம் அனுப்பியதாகக் காட்டும் பற்றுச்சீட்டின் படத்தைச் சில நிமிடங்களில் எவரும் ஆக்கிவிடலாம். வங்கி அனுப்பியது போலவே குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆதலால் வாங்குபவர் காட்டும் எதுவும் சான்றன்று. விற்பவர் தம்முடைய கணக்கைத் தாமே திறந்து பார்த்தோ, தம்முடைய வங்கிக் கிளையில் விசாரித்தோ அறிவதே சான்று.

காசோலையின் இயல்பைச் சிறிது விளங்கிக்கொள்ளுதல் அவசியம். 2006ஆம் ஆண்டிலே காசோலைகளைப் படமாகப் பதிந்து தீர்வு செய்யும் முறை இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக முன்னர் பல நாள் சென்ற காரியம், வைப்பிலிட்ட அடுத்த வேலை நாளில் முடிகிறது. ஆயினும் வைப்பிலிட்ட அன்றே கணக்கில் அத்தொகை தோன்றினும், அது இன்னும் தீர்க்கப்படாத தொகையே. கொடுத்தவரின் வங்கி அதை ஏற்றுக்கொள்ளும்வரை அது பணமன்று. இதனை நன்கறிந்த வஞ்சகன் வெள்ளிக்கிழமை மாலையையோ, பௌர்ணமி விடுமுறைக்கு முந்திய நாளையோ தேர்ந்தெடுக்கிறான். காசோலை திரும்பும்போது வண்டி மூன்று மாகாணங்களைக் கடந்திருக்கும். வங்கியே வழங்கும் கட்டளைக் காசோலையாயினும், அது போலியாய் இருத்தல் கூடும். வழங்கிய கிளையை அழைத்து உறுதிப்படுத்திய பின்னரே ஏற்க வேண்டும். அவ்வாறு அழைக்கும்போது காசோலையில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி இலக்கத்தை நம்பாது, தாமே தேடி அறிந்த இலக்கத்தை அழைத்தல் வேண்டும்.

கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றுவதே சிறந்த வழி. 2015ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இலத்திரனியல் நிதி மாற்றல் முறையினால், ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குப் பணம் உடனடியாகச் சென்று சேர்கிறது. ஆனால் கைத்தொலைபேசிவழி ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகைக்கு வங்கிகள் வரம்பு வைத்திருக்கின்றன. 60 இலட்சம் போன்ற பெருந்தொகைக்கு அவ்வரம்பு தடையாகலாம். இதனை முன்னரே விசாரித்து வைத்தால், முற்றத்தில் நின்று “மிகுதியை நாளைக்கு அனுப்புகிறேன்” என்று சொல்லும் நிலை வராது. காலிக் கடைக்காரரின் வங்கிக்கு யாழ்ப்பாணத்திற் கிளை இருப்பின், இருவரும் காலையில் அங்கே சென்று, உத்தியோகத்தரின் முன்னிலையிலேயே பணத்தை மாற்றி முடிப்பது எல்லாவற்றிலும் நன்று.

காசாகவே கொடுப்பதாயின் வேறு சிக்கல்கள் உண்டு. 60 இலட்சம் என்பது 5000 ரூபா நோட்டுகளில் 1200. நூறு நோட்டுக் கட்டுகளாய்ப் பன்னிரண்டு. இதனை 500 கிலோமீற்றர் சுமந்து வருவது வாங்குபவருக்கு ஆபத்து; வீட்டில் வைத்திருப்பது விற்பவருக்கு ஆபத்து. நோட்டுகளில் நீர்க்குறி, பாதுகாப்பு நூல், விரலுக்குத் தட்டுப்படும் எழுச்சியான அச்சு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோட்டுகளை முற்றத்தில் வைத்து ஒவ்வொன்றாய்ப் பார்ப்பது ஆகாத காரியம். வங்கிக்கே கொண்டுசென்று, இயந்திரத்தில் எண்ணுவித்து, அப்பொழுதே வைப்பிலிடல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடற் சட்டத்தின்படி, பெருந்தொகைக் காசு வைப்புகளை வங்கிகள் அறிக்கையிட வேண்டியிருப்பதால், பணம் எங்கிருந்து வந்ததென்று கேட்கப்படும். விற்பனை ஒப்பந்தத்தின் பிரதியைக் கையில் வைத்திருப்பவருக்கு விடை சொல்வதிற் சிரமமில்லை.

பணம் வந்து சேர்ந்துவிட்டது. பலர் இத்துடன் காரியம் முடிந்தது என்றெண்ணுகின்றனர். உண்மையில் விற்பவருக்குரிய மிகப் பெரிய ஆபத்து இனிமேலே வருகிறது. அதன் பெயர் ஓப்பன் பேப்பர். உரிமை மாற்றப் படிவத்தில் விற்பவர் தம் கையொப்பத்தை இட்டு, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் எழுதாது வெறுமையாக விட்டுக் கொடுக்கும் வழக்கத்துக்கு ஊரிலே வழங்கும் பெயர் அது. வாங்குபவர் மீண்டும் விற்க எண்ணினால் தம் பெயருக்கு மாற்றாமலே அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அவரும் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். மாற்றற் கட்டணம் மிச்சம் என்பதே இதற்குக் காரணம்.

மிச்சப்படுவது வாங்குபவரின் பணம். பணயம் வைக்கப்படுவதோ விற்பவரின் பெயர். அவ்வண்டி ஓரிடத்தில் ஒருவரை மோதிவிட்டு ஓடினால், பொலிசார் இலக்கத் தகட்டைக் கொண்டு பதிவேட்டைப் பார்ப்பர்; அங்கே சுன்னாகத்து ஆசிரியரின் பெயர் இருக்கும். அதிற் கள்ளப்பொருள் கடத்தப்பட்டாலும் முதலில் விசாரிக்கப்படுபவர் அவரே. நட்டஈட்டு வழக்கில் முதலிற் பெயர் குறிக்கப்படுபவரும் அவரே. தாம் என்றோ விற்றுவிட்டதாக அவர் கூறலாம். ஆனால் யாருக்கு விற்றார் என்பதற்குச் சான்று வெறுமையாய் விட்ட அந்தப் படிவத்தில் இராது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், வண்டியின் உடைமை மாறும்போது அதனை அறிவிக்கும் கடமையை விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவர் மீதும் சுமத்துகிறது. வாங்குபவர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வார் என்று நம்பி விற்பவர் வாளாவிருத்தல் கூடாது. படிவங்களை முழுமையாக நிரப்பி, திகதியிட்டு, இருவரும் கையொப்பமிட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விற்பவர் தம் பங்கிலே அறிவித்துவிட வேண்டும். அறிவித்ததற்கான பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்தல் வேண்டும். திணைக்களத்தின் தலைமையகம் கொழும்பில், நாரஹேன்பிட்டியில் உள்ளது. மாவட்டங்களிலும் அலுவலகங்கள் உள்ளன. நடைமுறைகள் அவ்வப்போது மாறுவதுண்டு. ஆதலால் எந்தப் படிவங்கள் வேண்டும், யார் நேரில் வரவேண்டும், கட்டணம் எவ்வளவு என்பவற்றை விற்பனை நாளுக்கு முன்பே அலுவலகத்திற் கேட்டறிதல் நன்று.

கைமாறும் நேரத்தையும் எழுத்திற் பதிய வேண்டும். “இன்ன திகதி, இன்ன நேரத்தில், கிலோமீற்றர் மானி இவ்வளவு காட்டும் நிலையில், இன்ன இலக்க வண்டியும், இரு திறப்புகளும், பதிவுச் சான்றிதழும் ஒப்படைக்கப்பட்டன, இவ்வளவு தொகை பெறப்பட்டது” என்று எழுதி, இருவரும் இரு சாட்சிகளும் கையொப்பமிடுதல் வேண்டும். நேரம் எதற்கென்று சிலர் கேட்கலாம். பிற்பகல் இரண்டு மணிக்கு வண்டி ஒப்படைக்கப்பட்டு, நான்கு மணிக்கு வவுனியாவுக்கு அருகில் ஒரு விபத்து நேர்ந்தால், அந்த ஒரு வரியின் பெறுமதி விளங்கும். வண்டியோடு வாங்குபவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைப்பதும் நல்ல வழக்கமே.

காப்புறுதியையும் மறத்தலாகாது. காப்புறுதி வண்டியோடு தானாகவே கைமாறுவதன்று. அது காப்புறுதி நிறுவனத்துக்கும் பெயர் குறிக்கப்பட்டவருக்கும் இடையிலான ஒப்பந்தம். அறிவியாது வண்டி கைமாறினால் இழப்பீட்டின்போது தகராறு எழலாம். விற்பவர் விற்பனையைத் தம் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாங்குபவரோ காலிக்குப் புறப்படு முன்னரே தம் பெயரிற் காப்புறுதி பெற்றுக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் ஒருவர் ஏமாற நேரிட்டால், வெட்கங் கருதி மௌனமாயிருத்தல் தவறு. முதலில் அழைக்க வேண்டியது வங்கியை. பணம் சென்ற கணக்கில் அது இன்னும் எஞ்சியிருந்தால், தடுத்து நிறுத்த ஒரு வாய்ப்பு உண்டு. அவ்வாய்ப்பு மணிக்கணக்கிலேயே தேய்ந்துபோகும். அடுத்து, அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். வந்த செய்திகள், தொலைபேசி இலக்கங்கள், கணக்கு இலக்கங்கள் ஒன்றையும் அழிக்கலாகாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இத்தகைய குற்றங்கள் சிலவற்றுக்குத் தண்டனை விதிக்கிறது; குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திலும் இவற்றுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. “கட்டணம் கொடுத்தால் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன்” என்று பின்னர் ஒருவர் அழைப்பாராயின், அவர் அதே கூட்டத்தவராகவும் இருக்கலாம். அவருக்குச் செவிகொடுத்தல் ஆகாது.

இவற்றையெல்லாம் கேட்பவருக்கு, முகமறியாதவர் அனைவரும் வஞ்சகரோ என்ற ஐயம் எழலாம். அவ்வாறன்று. தொலைவிலிருந்து அழைப்பவருட் பெரும்பாலோர் வண்டி ஒன்று தேவைப்பட்டு, தம் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, விற்பவர் ஏமாற்றுவாரோ என்று தாமும் அஞ்சுபவர்களே. முறையாகச் செய்தல் வாங்குபவரை அவமதிப்பதாகாது. அவருக்கும் அது காவல். அடையாள அட்டையைக் கேட்கும் விற்பவர் தம்முடையதையும் காட்ட வேண்டும். வங்கிக்கு வரச் சொல்பவர் அங்கே பதிவுச் சான்றிதழையும் கொண்டு செல்ல வேண்டும். “அவசரமில்லை, வங்கி திறக்கட்டும்” என்று சொல்லக்கேட்டு நேர்மையானவர் கோபிப்பதில்லை. கோபிப்பவர், பொழுது போகிறதென்று பதறுபவர், வேறொருவர் அதிக விலைக்குக் கேட்பதாக அச்சுறுத்துபவர் எவராயினும், அவரைப் போகவிடுவதே இலாபம்.

சுன்னாகத்து ஆசிரியரும் காலிக் கடைக்காரரும் முற்பகலில் வங்கிக்குச் சென்றால், பணம் ஆசிரியரின் கணக்கிற் சேர்ந்ததை அவரே பார்ப்பார். அவ்விடத்திலேயே படிவங்கள் நிரம்பும், கையொப்பங்கள் விழும், திறப்பு கைமாறும். பிற்பகலில் ஆசிரியர் அறிவித்தற் படிவத்தைத் திணைக்களத்துக்குச் சேர்ப்பிப்பார். மாலையில் அந்தக் கார் ஆனையிறவைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும்போது, அதனோடு அவருடைய பெயர் செல்லாது. பத்தாண்டு உடனிருந்த வண்டி பிரிந்ததே என்ற சிறு வருத்தம் மாத்திரம் அவர் மனத்தில் எஞ்சியிருக்கும். அறிமுகமில்லாத இருவருக்கிடையே அறிமுகத்தின் இடத்தில் நிற்கத் தக்கவை இரண்டே. பணம் வந்ததை வங்கி சொல்ல வேண்டும்; பெயர் மாறியதைப் பதிவேடு சொல்ல வேண்டும்.